மானிப்பாயின் வைத்தியத் தமிழும் அறிவின் சமூகத் தளமும்: ஒரு மறுமதிப்பீடு

ஈழத்தில் விஞ்ஞானத் தமிழ் தோன்றி வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுந்தோர் யாவரும் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) என்னும் அமெரிக்க வைத்தியரின் பெயரோடு தொடங்குவது மரபாகிவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மருத்துவம் புரிந்து, தமிழ் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவ நூல்கள் தமிழில் வெளிவரக் காரணராயிருந்த ஒருவரை நினைவுகூர்வது தமிழரின் கடனே. எனினும் அந்நினைவுகூரல் இன்று பெரும்பாலும் வழிபாட்டின் தன்மையைப் பெற்றுள்ளது. அந்நியர் ஒருவர் தமிழிலே மருத்துவம் கற்பித்தார், எம்மவரோ அதனைக் கைவிட்டனர் என்னும் பெருமையும் புலம்பலும் கலந்த ஒரு கூற்று விழா மேடைகளிலும் மலர்களிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. இக்கூற்றில் உண்மை இல்லையென்பதல்ல எமது வாதம். புதிய அறிவொன்று ஒரு சமூகத்தினுள் எவ்வாறு நுழைகின்றது, எவர் கையிலே தங்குகின்றது, எவரைச் சென்றடையாது நின்றுவிடுகின்றது ஆகிய வினாக்களை இக்கூற்று எழுப்பவிடாது தடுக்கின்றது என்பதே எமது மனக்குறை.

கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட ‘கிறீனின் அடிச்சுவடு’ இத்துறையிலே முதன்மையான முயற்சி. அந்நூல் இல்லையேல் கிறீனின் பெயர் இன்றைய தமிழ் வாசகர் பலருக்கு வெறும் வைத்தியசாலைப் பெயராகவே எஞ்சியிருக்கும். ஆயினும் ஒரு முன்னோடியைச் சமூகத்துக்கு மீட்டுத் தரும் பணிக்கும் அவரது முயற்சியைச் சமூகத்தினுள் வைத்து ஆராயும் பணிக்கும் வேறுபாடுண்டு. முதலாவது பணி நன்கு நிறைவேறிவிட்டது. இரண்டாவது பணிக்கு இக்கட்டுரை ஒரு தொடக்கம்.

முதற்கண் காலப் பின்னணியை மனங்கொள்ளல் வேண்டும். கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் தமது வைத்திய வகுப்பைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். இந்த ஒற்றுமை தற்செயலானதே. ஆனால் அது சுட்டும் சமூக நிலை தற்செயலானதன்று. அச்சு, பாடசாலை, உரைநடை ஆகிய மூன்றும் ஒருங்கே யாழ்ப்பாணத்துட் புகுந்து, அதுவரை ஏட்டிலும் குடும்பத்திலும் குருகுலத்திலும் அடங்கியிருந்த அறிவை வெளியே கொணரத் தலைப்பட்ட காலம் அது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே தமிழ் இலக்கணமும் வானியலும் கணிதமும் ஒரே கூரையின் கீழ்ப் பயிலப்பட்டன. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறியது. புதுமை நிகழ்வதற்கு வேண்டிய புறக் கருவிகள் யாவும் ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்துள் அமைந்துவிட்டன எனலாம்.

ஆனால் அக்காலத்து அறிவுப் பரிமாற்றம் பெரும்பாலும் ஒரு போராட்டமாகவே நிகழ்ந்தது. 1829இல் நிகழ்ந்த சந்திரகிரகணம் பற்றிச் செமினரி அதிபர் டானியல் பூவருக்கும் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாருக்கும் எழுந்த முரண்பாடு பலரும் அறிந்தது. மேனாட்டுக் கணிப்பே சரியென நிரூபிக்கப்பட்டது. அந்நிரூபணத்தின் நோக்கம் சாஸ்திரியாரின் கணிதத்தைத் திருத்துவதன்று. அவர் சார்ந்த சமயத்தின் மதிப்பைக் குலைப்பதே. அறிவு ஆயுதமாக ஏந்தப்படும்போது, எதிரேயிருப்பவன் அதனைப் பெற்றுக்கொள்வதிலும் பார்க்கத் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே முனைவான் என்பது இயல்பு. நாவலரின் எழுச்சிக்கும் இவ்வியல்புக்கும் உள்ள தொடர்பு தனியாக ஆராயத்தக்கது.

கிறீனின் சிறப்பு இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. அவரும் மிசனரியே. நாட்டு வைத்தியத்தை அவரும் மதித்தாரல்லர். எனினும் தம்மிடம் கற்றோர் உடையாலும் பழக்கவழக்கத்தாலும் ஐரோப்பியராக மாறுவதை அவர் வெறுத்தார். கிறித்தவராகும் தமிழர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். மிசனரிமார் பலர் மொழியைப் போதனைக்கான வாயிலாகவே கருதிய காலத்தில், அவர் அதனை அறிவின் இருப்பிடமாகக் கருதினார். தமது கல்லறையிலே தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதே பொறிக்கப்படல் வேண்டுமென அவர் விரும்பியதாக அறிகின்றோம். அவ்விருப்பம் நிறைவேறியது.

இனி அவரது நூல்களை நோக்குவோம். 1852இலே கற்றர் என்பாரின் நூலைத் தழுவி அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்று துறைகளையும் ஒருங்கே கூறும் நூல் வெளிவந்தது. 1857இல் பிரசவ வைத்தியமும், 1867இல் இரணவைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும், 1884இல் இந்து பதார்த்த சாரமும் தோன்றின. இப்பெயர்களை மட்டுமே கூர்ந்து நோக்கினும் அவரது மொழிக்கொள்கை தெளிவாகும். இரணவைத்தியம் நாட்டு மருத்துவரிடையே வழங்கிய சொல். அங்காதிபாதம் என்பதும் நாட்டு வைத்திய நூலொன்றின் பெயராக வழங்குவது. சுகரணமும் உற்பாலனமும் வடமொழித் துணைகொண்டு ஆக்கப்பட்டவை. கெமிஸ்தமோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்துப் பெற்ற சொல். அதாவது வழக்கிலுள்ள சொல் கிடைக்குமாயின் அதனைக் கொள்வது, கிடையாதவிடத்து வடமொழியை நாடுவது, அதுவும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கிசைய மாற்றுவது என்னும் படிமுறை அவரிடம் இருந்தது. தூய்மை பற்றிய கவலை அவரிடம் இல்லை. பிற்காலத்திலே கலைச்சொல்லாக்கம் தனித்தமிழ், வடமொழி, ஆங்கிலம் என்னும் மூன்று அணிகளின் போர்க்களமாயிற்று. அப்போது எமது புலவர்கள் மறந்த ஒரு நடைமுறை உண்மை கிறீனுக்கு நன்கு தெரிந்திருந்தது. சொல்லை ஏற்பவன் மாணாக்கன். அவன் அதனை நோயாளியின் படுக்கையருகே வாய்விட்டுச் சொல்லக் கூடியதாயிருத்தல் வேண்டும்.

இச்சொற்களுட் பெரும்பாலானவை நிலைபெறவில்லை. இன்று உடலமைப்பியல், உடற்றொழிலியல், சுகாதாரம், சத்திரசிகிச்சை, இரசாயனவியல் என்கின்றோம். அவரது சொற்கள் வழக்கிழந்தமையைக் கொண்டு அவரது முயற்சி தோற்றது என்று முடிவு கட்டுவோரும் உளர். சொல்லின் ஆயுளைக் கொண்டு முயற்சியை அளப்பது பொருந்தாது. சொல் வாழ்வதும் மாய்வதும் அச்சொல்லைப் புழங்கும் நிறுவனத்தின் வாழ்வையும் மாய்வையும் பொறுத்தன. கேட்கப்படவேண்டிய வினா வேறு. அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றி, அவருட் பாதியளவினரைத் தமிழ் மூலமே பயிற்றிய ஒரு கல்விமுறை, தன்னைத் தோற்றுவித்தவர் 1873இல் நாட்டைவிட்டு நீங்கியபின் ஏன் வேரூன்றி நிற்கவில்லை?

இதற்கு விடைகாண்பதற்கு, 1864 முதல் கிறீன் தமிழ் மூலம் கற்பிக்கத் தலைப்பட்டமைக்கான காரணத்தை ஆராய வேண்டும். தமிழபிமானமே காரணம் என மேடைகளிற் கூறப்படுகின்றது. தமிழ்மீது அவருக்கிருந்த பற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதனோடு மிக நடைமுறைசார்ந்த ஒரு காரணமும் இருந்தது. ஆங்கிலத்திற் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தையும் அதன் வேதனத்தையும் நாடிச் சென்றனர், கிராமங்களில் தங்கினாரல்லர். தமிழிற் கற்றோர் தம் ஊர்களிலேயே தங்கி மக்களுக்குப் பணிபுரிவர் என்பது அவரது எதிர்பார்ப்பு. சில ஆண்டுகளுக்கு முன்னர், 1855இல், வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டமைக்கும் இதனையொத்த நியாயமே கூறப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வி போதகரை உருவாக்காது உத்தியோகத்தரையே உருவாக்குகின்றதெனக் கண்டு அதனை நிறுத்தினர்.

இங்கேதான் சிக்கலின் மையம் உள்ளது. தாய்மொழிக் கல்வி, அறிவைப் பரப்பும் வழியாக இருந்த அதேவேளை, அறிவைப் பெற்றவனை ஓரிடத்திற் கட்டிவைக்கும் கயிறாகவும் இருந்தது. குடியேற்ற ஆட்சியின் கீழ் அதிகாரமும் ஊதியமும் ஆங்கிலத்தின் வழி வந்தன. ஆங்கிலம் மறுக்கப்பட்ட மாணாக்கன், எவ்வளவு சிறந்த இரணவைத்தியனாயினும், அவ்வேணியின் முதற்படியிலேயே நிறுத்தப்பட்டான். 1870இல் கொழும்பிலே வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டதும், யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் தன் பிள்ளைகளை எங்கு அனுப்ப விரும்பியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வர்க்கத்தைத் தமிழ்ப்பற்றற்றதென வசைபாடுதல் எளிது. நிலமும் நீரும் குறைந்த ஒரு குடாநாட்டில் உத்தியோகமே விளைநிலமாகிவிட்டதையும், அந்நிலத்துக்கு ஆங்கிலமே உறுதிச்சீட்டாயிருந்ததையும் கணக்கிலெடாத வசை வரலாறாகாது.

ஆகவே அறிவைத் தமிழில் தந்த ஒரு வைத்தியர், அவ்வறிவுக்குத் தமிழிலேயே வாழ்க்கையைத் தரவல்ல ஒரு சமூக அமைப்பு இல்லாத காலத்திலே செயற்பட்டார். அவர் குற்றவாளியல்லர், அவரது மாணாக்கரும் குற்றவாளிகளல்லர்.

இனி எவர் கற்றனர் என்னும் வினா. யாழ்ப்பாணத்து மிசன் கல்வி நிலையங்களின் உயர் வகுப்புகளில் வேளாள இளைஞரே பெரும்பான்மையினராயிருந்தனர். மிசனரிமார் சாதியைக் கொள்கையளவிற் கண்டித்தனர். நடைமுறையில் அதனோடு இணங்கியே வாழ்ந்தனர். கிறீனின் வகுப்பும் இதற்குப் புறம்பானதன்று. கற்றோர் யாவரும் ஆடவர். 1857இல் பிரசவ வைத்திய நூல் தமிழில் வெளிவந்தபோது, யாழ்ப்பாணக் கிராமங்களிலே பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவிச்சியர். அவர்கள் எழுத்தறியாதவர்கள், சமூகப் படிவரிசையில் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டவர்கள். பிரசவம் பற்றிய நூலறிவு ஆடவர் கையிலும், பிரசவம் பற்றிய அனுபவ அறிவு அந்நூலைத் தொடவியலாத பெண்டிர் கையிலுமாகப் பிரிந்து கிடந்தன. ஆண் வைத்தியர் பேறுகால அறையினுட் புகுவதை அக்காலச் சமூகம் எளிதில் அனுமதித்திராது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலிலே மக்லியொட் வைத்தியசாலை 1898இல் திறக்கப்படும் வரை இப்பிளவு பெரிதும் அப்படியே கிடந்தது. எனவே தமிழிலே நூல் ஆக்குவதும் தமிழரிடம் அறிவைச் சேர்ப்பதும் ஒன்றல்ல. ‘தமிழர்’ என்னும் பொதுச்சொல் மறைக்கும் பிரிவுகள் பல.

நூலாக்கத்திலேயே இன்னொரு மறைப்பும் உண்டு. கிறீனின் நூல்கள் என நாம் வழங்குபவை உண்மையிற் கூட்டாக்கங்கள். டன்வோத், சாப்மன், போல் முதலான அவரது மாணாக்கரே மொழிபெயர்ப்பில் அவருக்குப் பெருந்துணையாயிருந்தனர். கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னரும், பக்கங்கள் கடல்கடந்து சென்று அவரது திருத்தத்துடன் மீண்டன. அக்காலத் தபால் வேகத்தில் இது எத்தகைய பொறுமையை வேண்டியிருக்கும் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது. ஆயினும் இம்மாணாக்கரின் பெயர்களையே பாருங்கள். அமெரிக்க உபகாரிகளின் பெயர்களை மாணவருக்கு இடும் மிசன் வழக்கத்தால், தமிழில் முதன்முதலாக நவீன மருத்துவத்தை எழுதிய தமிழர் தமிழ்ப் பெயரற்றவர்களாய் வரலாற்றில் நிற்கின்றனர். கிறீனின் கடிதங்களை எபனேசர் கட்லர் 1891இலே தொகுத்து வெளியிட்டார். நாம் இன்று அறியும் மானிப்பாய் வகுப்பு அக்கடிதங்களின் கண்ணூடாகக் காணப்படும் வகுப்பே. ஆசிரியரின் ஐயங்களும் சோர்வுகளும் அதில் உண்டு; மாணாக்கனின் ஐயத்தை அதிலே தேடிப் பயனில்லை.

நாட்டு வைத்தியத்துடனான உறவு இதனினும் நுணுக்கமானது. யாழ்ப்பாண அரசர் காலத்தொடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் ஏட்டு வடிவிலே பரியாரிமார் குடும்பங்களில் இருந்துவந்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை தேடித் தொகுத்து அச்சிட்டது இருபதாம் நூற்றாண்டிலேதான். குடும்பத்துக்குள் மறைத்துக் காக்கப்பட்ட அறிவு எவ்வளவு எளிதில் சிதைந்துபோகும் என்பதற்கு அவ்வேடுகளின் நிலையே சான்று. பகிர்ந்தால் பலன் குன்றும் என்னும் நம்பிக்கை பரியாரிமாரிடையே இருந்தது. இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவதற்கில்லை. மருந்துமுறையே ஒரு குடும்பத்தின் ஒரேயொரு சொத்தாயிருக்குமிடத்து, அதனைப் பகிர்தல் சொத்தைப் பகிர்தலாகும். சொத்துறவை மாற்றாது அறிவுறவை மட்டும் மாற்றலாமென எண்ணுவோர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் நன்று.

கிறீனின் இறுதி நூலாகிய இந்து பதார்த்த சாரத்தில் ஒரு விந்தையான சுற்று நிகழ்ந்துள்ளது. அது 1868இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்திய மருந்தியல் நூலின் வழிவந்தது. அவ்வாங்கில நூலோ இந்நாடுகளின் மூலிகைகளையும் கடைச்சரக்குகளையும் பற்றி உள்ளூரில் வழங்கிய அறிவைத் திரட்டி, சோதித்து, வகைப்படுத்தியது. ஆகவே நாட்டு வைத்தியரின் அறிவு ஆங்கிலத்துக்குச் சென்று, அங்கே உரியவரின் பெயரை இழந்து, விஞ்ஞானம் என்னும் முத்திரை பெற்றுத் தமிழுக்கே மீண்டது. இப்பயணத்தில் அறிவுக்கு ஒரு நன்மையும் விளைந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அளவும் சோதனையும் ஒழுங்கும் அதற்குக் கிட்டின. ஆனால் அந்நன்மையில் பரியாரிக்குப் பங்கில்லை. அவரும் மானிப்பாய் மாணாக்கனும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் வாய்ப்பு ஏற்பட்டிருப்பின் எத்தகைய மருத்துவம் உருவாகியிருக்கும் என்பதை ஊகிப்பது வீண். அதற்குரிய மேசையே அன்று இருக்கவில்லை.

இவ்விடத்திலே, புதுமை பரவுவது பற்றி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் செல்வாக்குப் பெற்ற ஒரு கோட்பாட்டை உரைத்துப் பார்த்தல் பொருத்தமாகும். அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெற் றோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூல், புதுமையை ஏற்கும் வேகத்தைக் கொண்டு மக்களை முன்னோடிகள் முதல் பின்தங்கியோர் வரை ஐந்து வகுப்பாகப் பிரித்தது. பெருநாட்டில் லொஸ் மொலினொஸ் என்னும் கிராமத்தில், குடிநீரைக் கொதிக்கவைக்கும்படி ஒரு சுகாதார ஊழியர் இரண்டாண்டுகள் பிரசாரஞ் செய்தும், 200 குடும்பங்களுள் 11 மட்டுமே புதிதாக அதனை ஏற்றன என்னும் செய்தி அந்நூலால் உலகப் புகழ் பெற்றது. கொதித்த நீர் நோயாளிக்கே உரியது என்னும் வெப்ப, தட்ப நம்பிக்கை அங்கு நிலவியது. யாழ்ப்பாணத்திலே சூடு, குளிர்மை என்று உணவைப் பாகுபடுத்தும் எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது. ஏற்றுக்கொண்டவருட் சிலர் ஏற்கெனவே கிராமத்தின் விளிம்பில் இருந்தோர்; ஊரவரின் மதிப்பைப் பெற்றவர்களை அவ்வூழியர் சென்றடையவில்லை. இவற்றை றோஜர்சே எடுத்துக்காட்டுகின்றார். விறகு சேர்ப்பதற்கும் நீரைக் கொதிக்கவைப்பதற்கும் ஏழைப் பெண்ணுக்கு நேரம் எங்கே என்னும் வினாவும் அக்கதையில் உண்டு.

பின்தங்கியோர் என்னும் சொல்லே எமக்கு உடன்பாடில்லாதது. அது ஓட்டப் பந்தயத்தை முற்கொண்டு பேசுகின்றது. பந்தயத்தை ஒழுங்குசெய்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. புதுமை எப்பொழுதும் நல்லதென்னும் சார்பும், ஏற்காதவனையே குறைகூறும் சார்பும் இத்துறை ஆய்வுகளிற் படிந்துள்ளன என்பதைப் பிற்பதிப்பிலே றோஜர்ஸ் தாமே ஒப்புக்கொண்டமை அவரது நேர்மைக்குச் சான்று. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிறையிரே, 1960களின் இறுதியிற் சில்லியில் விவசாயிகளிடையே பணிபுரிந்தபோது, இதனை அடிப்படையிலேயே மறுத்தார். அறிந்தவர் தம் அறிவை அறியாதவர்மேல் நீட்டிப் பரப்புவது அறிவுப் பகிர்வாகாது; இரு தரப்பினரும் ஒரே பொருளை நோக்கி உரையாடும்போதே அறிவு தோன்றுகின்றது என்பது அவரது நிலைப்பாடு. பிறையிரே கூறும் உரையாடல் பெருநிலக்கிழாருக்கும் கூலிக்கும் இடையிற் சாத்தியமா என்பதை அவரது சீடர் பலர் மிக இலேசாகக் கடந்து செல்கின்றனர். உரையாடலுக்கும் ஒரு பொருளாதார அடித்தளம் வேண்டும். எனினும் மானிப்பாயை மதிப்பிடுவதற்கு றோஜர்சின் ஐந்து வகுப்பினும் பிறையிரேயின் வினாவே மிகுதியும் உதவுகின்றது.

மானிப்பாயிற் கைகூடாதது பின்னர் இந்நாட்டில் வேறொரு வழியில் ஓரளவு கைகூடியது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. அதனைக் கிறீனின் வழித்தோன்றலாகக் காட்டுவது வரலாற்றைத் திரிப்பதாகும். 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி வைத்தியரிடம் வரும் முறைக்கு மாறாக, பயிற்றப்பட்ட மருத்துவ மாதர் வீடு வீடாகச் செல்லும் முறை அதனோடு வளர்ந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றபோது, சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர் கிராமங்களுட் சென்று பணியாற்றினர். வாக்காளர் முன் நிற்க வேண்டிய அரசியல்வாதிகளுக்குச் சுகாதாரம் தவிர்க்கவியலாத விடயமாயிற்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எழுத்தறிந்த தாய், வாக்குரிமையுள்ள தாய், தன் மொழியிற் பேசும் மருத்துவ மாது ஆகியோர் சந்தித்த இடத்திலே புதிய மருத்துவ அறிவு முதன்முறையாகப் பெருந்தொகையான மக்களின் உடைமையாயிற்று. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000 அளவிலிருந்த தாய் மரணம், 2010களில் 40க்குக் கீழ் இறங்கியது. மருந்துகளின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே மருந்துகள் கிடைத்த பிற நாடுகள் பலவற்றில் இவ்வளவு வீழ்ச்சி நிகழவில்லை.

விதிவிலக்கே விதியை மேலும் தெளிவாக்குகின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த ஏற்பாடுகளாலும் வாக்கிழந்த மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு இம்முறை உரிய காலத்தில் எட்டவில்லை. அவர்களது சுகாதாரம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தது. உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1974இல், தோட்டப் பகுதியிற் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 100ஐத் தாண்டி, நாட்டின் சராசரியிலும் இரு மடங்குக்கு மேலாயிருந்தது. மொழி அங்கும் தமிழே. நூலும் துண்டுப்பிரசுரமும் தமிழிலே கிடைத்தன. இல்லாதிருந்தவை வாக்கும் பாடசாலையும் வீட்டுவாயிலுக்கு வரும் மருத்துவ மாதுமே.

எழுத்துலகிலும் இம்மாற்றத்தின் சாயலைக் காணலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராயிருந்தவரும் நாவலாசிரியருமான நந்தி, ‘அன்புள்ள நந்தினி’, ‘நந்தினி உன் குழந்தை’ ஆகிய நூல்களில் மருத்துவ அறிவை ஓர் இளம்பெண்ணை விளித்துக் கூறும் வடிவிலே தந்தார். கிறீனின் நூல் மாணாக்கனை நோக்கியது. நந்தியின் நூல் தாயை நோக்கியது. இடையிலே ஒரு நூற்றாண்டும் ஒரு வாக்குரிமையும் உள்ளன. நந்தியின் நடை எளிமையானதற்கு அவரது எழுத்தாற்றல் மட்டும் காரணமன்று. வாசிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உருவாகியிருந்தனர் என்பதே பெருங்காரணம். அந்நூல்களில் அறிவுரைத் தொனி சிலவிடங்களில் மிகுந்துவிடுகின்றது என்பதையும் கூறவேண்டும். தாய் வினவுவதிலும் வைத்தியர் விடையிறுப்பதே அதிகம்.

தமிழ்மொழிக் கல்வியின் பிற்கால வரலாற்றிலே ஒரு கசப்பான திருப்பமும் உண்டு. 1960களில் உயர்தர வகுப்பு விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்படலாயிற்று. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் அதற்கு உதவின. கிறீன் கண்டும் மகிழ்ந்திராத அளவு மாணாக்கர் தமிழில் விஞ்ஞானம் பயின்றனர். ஆனால் 1971இலே பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்மொழி மூலம் தோற்றியோரிடம் கூடிய புள்ளிகள் கேட்கப்பட்டன. எம்மொழியிற் கற்றான் என்பதே எவ்வாசலில் நிறுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் அடையாளமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் மானிப்பாய் மாணாக்கன் கண்ட அதே வாசல் வேறு வண்ணம் பூசி நின்றது. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் அமைந்தபோது போதனாமொழி ஆங்கிலமாயிருந்தமை எவரையும் வியப்பிலாழ்த்தவில்லை. அம்முடிவுக்கு நூலும் வேலையும் உலகத் தொடர்பும் சார்ந்த நியாயங்கள் உண்டு. அவற்றை நாம் இலேசாகக் கருதவில்லை.

எனினும் மருத்துவ பீடத்திற் கற்கும் மாணாக்கன் நோயாளியின் வரலாற்றைக் கேட்டெழுதுவது தமிழிலேயே. தொய்வு, குக்கல், கூகைக்கட்டு, சின்னமுத்து, செங்கண்மாரி, நெருப்புக்காய்ச்சல் ஆகிய சொற்களை அவனுக்குக் கற்பிப்பது விரிவுரையாளரல்லர். கட்டிலிற் கிடக்கும் கிழவியும் அவள் அருகே நிற்கும் மகளுமே. இச்சொற்களை எந்தக் குழுவும் ஆக்கவில்லை. சுகாதாரத் திணைக்களத்தின் தமிழ் அறிவித்தல்கள் இவற்றுட் பலவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளன. கிறீன் வகுத்த படிமுறையின் முதலாவது படி, வழக்கிலுள்ள சொல்லைத் தேடுவது. அப்படியிலே செய்யவேண்டிய வேலை இன்னும் பாதியளவு கூட முடியவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலையகத்திலும் நோய்களுக்கும் வலிகளுக்கும் வழங்கும் பெயர்கள் இடத்துக்கிடம் வேறுபடுகின்றன. தமிழ்த் துறையினரும் மருத்துவ பீடத்தினரும் கூடி அவற்றைத் தொகுக்கலாம். தொகுக்கும்போது சொன்னவரின் ஊரையும் தொழிலையும், அவர் விரும்பின் பெயரையும், சொல்லின் பக்கத்திலேயே குறித்துவைத்தல் வேண்டும்.